சி.வி.யில் படிப்பைக் கூட்டி எழுதினால்: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும், தமிழ்நாடு, இலங்கையிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். மூன்று வகை ஆட்கள் கேட்கிறார்கள். சி.வி.யில் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டு இப்போது தூக்கம் வராதவர்கள், பொய்யே சொல்லாமல் சரிபார்ப்பில் சிக்கி முழிப்பவர்கள், ஆள் எடுக்கும் சிறு முதலாளிகள். மூவருக்கும் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. ஒருவருக்கான பதில் மற்றவருக்கும் உதவும்.

ரெண்டு பேப்பர்தான் பாக்கி. பி.காம். என்று போட்டால் என்ன தப்பு?

அதிகம் வரும் கேள்வி இதுதான். போலிச் சான்றிதழ் அச்சடிப்பவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். சாதாரண மனிதர்கள் விழுவது இந்தக் குழியில்.

யூனிசா என்ற தொலைநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். 360 கிரெடிட். ஒரு பாடம் 12 கிரெடிட் என்றால் 30 பாடங்கள். 28 தேறியவருக்கு மனசுக்குள் பட்டம் கிடைத்துவிட்டது. பல்கலைக்கழகப் பதிவில் கிடைக்கவில்லை. சரிபார்ப்பவர் கேட்பது ஒரே கேள்வி: பட்டம் வழங்கப்பட்டதா, எந்தத் தேதியில்? 'கிட்டத்தட்ட' என்று குறிக்க அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

இப்படி எழுதுங்கள்: "பி.காம்., யூனிசா, 2015–2018. 30 பாடங்களில் 28 தேர்ச்சி. படிப்பு நிறைவுபெறவில்லை." மதிப்பெண் பதிவையும் கூடவே இணையுங்கள். வேலை கொடுப்பவர்கள் பலருக்கு இதுவே போதும், முக்கியமாகக் கணக்குப் பிரிவில்.

"பி.காம்., யூனிசா, 2015–2018" என்று மட்டும் எழுதி நிறுத்துவது தந்திரமாகத் தோன்றும். நான் முடித்தேன் என்று எங்கே சொன்னேன் என்று விசாரணையில் வாதிடலாம், ஆனால் எடுபடாது. படிப்பவர் என்ன புரிந்துகொள்வார், அப்படிப் புரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதினீர்களா என்பதைத்தான் பார்க்கிறார்கள். உள்துறை அமைச்சக ஊழியர் ஒருவர் முடிக்காத டிப்ளோமாவை முடித்ததாகக் காட்டிய வழக்கில், பணிநீக்கம் செல்லும் என்று தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது.

இன்னும் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ஆன்லைன் விண்ணப்பத்தில் 'உயர்ந்தபட்சத் தகுதி' பட்டியலில் 'பட்டம்' என்று தட்டுவதும் நீங்கள் கொடுக்கும் வாக்குமூலம்தான். லிங்க்ட்இனில் இருப்பதும் சாட்சியாக வரும். ஏஜென்சிக்காரர் உங்கள் சி.வி.யை 'மெருகேற்றி' அனுப்பினால், அனுப்பிய பிரதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர் கூட்டிய பட்டத்துக்கும் கையெழுத்து உங்களுடையதாகவே இருக்கும்.

என்-6 முடித்தேன். டிப்ளோமா என்று போடலாமா?

கூடாது. தொழிற்கல்லூரியில் படித்து வாங்கும் என்-4, என்-5, என்-6 சான்றிதழ்களோடு, விதித்த காலத்துக்குத் துறை சார்ந்த வேலை அனுபவமும் காட்டி விண்ணப்பித்த பிறகுதான் தேசிய என் டிப்ளோமா வரும். பலர் அந்தக் கடைசி விண்ணப்பத்தைப் போடாமலேயே விட்டிருக்கிறார்கள். அனுபவம் ஏற்கெனவே இருந்தால் படித்த கல்லூரியில் போய் இப்போதே கேளுங்கள். பொய்யை உண்மையாக்க இவ்வளவு சுலபமான வழி வேறெதிலும் இல்லை.

நாட்டின் தகுதிக் கட்டமைப்பில் மெட்ரிக் (பள்ளி இறுதி) 4-ஆம் படி, உயர் சான்றிதழ் 5, டிப்ளோமா 6, பட்டம் 7, ஆனர்ஸ் 8, முதுகலை 9, முனைவர் 10. சி.வி.யில் படி எண்ணையும் சேர்த்து எழுதினால் வெளிநாட்டுப் பெயர்களால் வரும் குழப்பம் குறையும்.

படிப்பு முடிந்தது. கட்டண பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நான் பட்டதாரியா?

பட்டமளிப்பு நடந்ததா என்பதைப் பொறுத்தது. பாடங்கள் எல்லாம் தேறியிருந்தாலும், பட்டம் முறையாக வழங்கப்படும்வரை பதிவேட்டில் நீங்கள் பட்டதாரி அல்ல. பதிவாளர் அலுவலகத்தில் 'பட்டத்துக்கான எல்லா நிபந்தனைகளும் நிறைவேறின' என்ற கடிதம் கேளுங்கள். பாக்கி இருந்தாலும் அந்தக் கடிதம் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. சி.வி.யில் "நிபந்தனைகள் நிறைவு; பட்டம் வழங்கப்படுவது நிலுவையில்" என்று எழுதுங்கள். வேலை கொடுப்பவரே பாக்கியைக் கட்டிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதும் நடக்கிறது, வெட்கப்படாமல் கேட்கலாம்.

போலீஸ் ஸ்டேஷனில் முத்திரை குத்திய நகல் இருக்கிறதே, போதாதா?

அந்த முத்திரை சொல்வது ஒன்றே ஒன்று: காட்டிய மூலத்தோடு இந்த நகல் ஒத்துப்போகிறது. மூலம் உண்மையானதா என்று கான்ஸ்டபிள் பார்ப்பதில்லை, அது அவர் வேலையும் இல்லை. போலிச் சான்றிதழை நீட்டினாலும் முத்திரை அதே முத்திரைதான். சிறு முதலாளிகள் பலர் நீல மை முத்திரையைக் கண்டதும் கோப்பை மூடிவிடுகிறார்கள். பின்னால் வரும் தொல்லைகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

அப்படியானால் உண்மையாக எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

விண்ணப்பதாரரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்குவது முதல் வேலை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது எல்லோரும் 'போப்பியா' என்று சொல்லும் சட்டம் இருப்பதால், ஒப்புதல் படிவத்தை விண்ணப்பத்தோடேயே சேர்த்துவிடுவது நல்லது. பிறகு தகுதிக்கு ஏற்றபடி வழி பிரிகிறது.

உள்ளூர்ப் பட்டம், டிப்ளோமா என்றால் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையமான சாக்வா வைத்திருக்கும் தேசியக் கற்போர் பதிவேட்டில் தேடுவார்கள். பெயர் அதில் இல்லை என்பதாலேயே போலி என்று முடிவு கட்டக்கூடாது. பழைய பதிவுகள் எல்லாம் அதில் ஏறியிருக்காது. அப்போது பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுத வேண்டும்.

மெட்ரிக் என்றால் அதற்குச் சான்றிதழ் வழங்கும் அமைப்பான உமலூசி. அவர்களிடம் இருப்பது 1992 முதலான சான்றிதழ்ப் பதிவு. அதற்கு முன் எழுதியவர்களுக்குப் பழைய கல்வித் துறைகளின் பதிவுகளைத் தேட வேண்டும். நம்மவர்களில் பலருக்கு அது இந்தியர்களுக்கென்று இருந்த ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் துறை. அதற்குக் காலம் பிடிக்கும், நேர்முகத்துக்கு முந்தின நாள் தொடங்கினால் நடக்காது.

தொழில்முறைப் பதிவு தேவைப்படும் வேலைக்குச் சான்றிதழோடு நிறுத்தாதீர்கள். மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் போன்றோருக்கு எச்.பி.சி.எஸ்.ஏ., நர்சுகளுக்கு நர்சிங் கவுன்சில், ஆசிரியர்களுக்கு சேஸ், பொறியாளர்களுக்கு எக்சா என்று பதிவு செய்யும் கவுன்சில்களிலும் பாருங்கள். எச்.பி.சி.எஸ்.ஏ. பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர், பதிவு எண், பதிவு இப்போது நடப்பில் இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். பட்டம் உண்மையாக இருந்து, பதிவு காலாவதியாகியிருப்பதும் உண்டு.

பின்னணி சரிபார்க்கும் தனியார் நிறுவனங்கள் இதையெல்லாம் கட்டணத்துக்குச் செய்து தருகின்றன. ஆண்டுக்கு நாலைந்து பேரை எடுக்கும் கடைக்காரருக்கு அதுவே மலிவு.

நான் படித்தது டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம். அப்படி ஒன்று இப்போது இல்லையே?

1961-இல் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கான கல்லூரியாகத் தொடங்கி, 1971-இல் முழுப் பல்கலைக்கழகமான அது, 2004 ஜனவரி 1 அன்று நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆனது. பதிவுகள் அங்கேதான் போயின. எம்.எல். சுல்தான் டெக்னிகானும் டெக்னிகான் நட்டாலும் 2002-இல் இணைந்தன. இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று பெயர். அங்கே கேளுங்கள்.

சி.வி.யில் இன்றைய பெயரை மட்டும் போடாதீர்கள். "பி.ஏ., டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம், 1988, பதிவுகள் இப்போது க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில்" என்று இரண்டையும் எழுதுங்கள். 1988-இல் இல்லாத பல்கலைக்கழகத்தின் பெயரில் பட்டம் என்றால், பின்னணி சரிபார்ப்பவர் முதல் பார்வையிலேயே சிவப்புக் கோடு போடுவார். பட்டம் உண்மை, எழுதிய விதம்தான் கெடுத்தது.

சான்றிதழில் ஒரு பெயர், ஐ.டி.யில் ஒரு பெயர். போலி என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது?

நம் ஆட்கள் மற்ற யாரையும்விட அதிகமாக இதில் அடிபடுகிறார்கள். காரணம் படிப்பில் இல்லை, பெயரில்.

கரும்புத் தோட்டத்துக்கு வந்த முன்னோர்களின் பெயரைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். பல வீடுகளில் அப்பாவின் பெயரே குடும்பப் பெயராகப் பதிவானது. அதனால் அண்ணன் பிள்ளைகளுக்கு ஒரு குடும்பப் பெயர், தம்பி பிள்ளைகளுக்கு வேறு. பள்ளியில் கூப்பிட வசதியாக வைத்த ஆங்கிலப் பெயர் ஏதாவது ஒரு சான்றிதழில் போய் உட்கார்ந்திருக்கும். கல்யாணமான பெண்களுக்கு அதற்கு மேல் இன்னொரு மாற்றம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தொல்லை வேறு வகை. பட்டத்தில் "கே. முருகன்". பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் "கந்தசாமி", இயற்பெயரில் "முருகன்". சில சமயம் அதுவே தலைகீழ். இங்கத்திய கணினிக்கு முருகன் கந்தசாமியும் கே. முருகனும் இரண்டு பேர்.

முதலில், எந்தப் பெயரில் தேடினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முக்கால்வாசிச் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும். பட்டம் பெற்ற நாளில் இருந்த பெயர், மாணவர் எண், 13 இலக்க அடையாள எண் மூன்றையும் கொடுத்து மறுபடி தேடச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம்: 1986 வரை அடையாள எண்ணிலேயே இனக் குறியீடு இருந்தது. அதை நீக்கியபோது எண்ணின் கடைசி இலக்கங்கள் மாறின. 1980-களின் தொடக்கத்தில் படித்தவர் என்றால் கல்லூரிக் கோப்பில் பழைய எண் இருக்கலாம். அதையும் தேடிக் கொடுங்கள்.

பிறகு பெயர்ச் சங்கிலியைக் காகிதத்தில் கட்ட வேண்டும். முழு விவரப் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பெயர் மாற்றியிருந்தால் உள்துறைக் கடிதம். இவற்றில் எதிலும் அடங்காத வித்தியாசத்துக்கு, உதாரணமாக வீட்டில் 'லோகாம்பாள்', சான்றிதழில் 'லோகி' என்றிருந்தால், உறுதிமொழிப் பத்திரம். அதில் இரண்டு பெயரையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி, இருவரும் ஒருவரே என்று சொல்லி, சத்தியப் பிரமாண அதிகாரி முன் கையெழுத்திட வேண்டும். அவர் பார்க்கும் முன்பே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒரு எழுத்து வித்தியாசத்தை மறைக்கச் சான்றிதழ் ஸ்கேனில் நீங்களே பெயரைத் திருத்தாதீர்கள். உண்மையான பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆவணம் புனைந்த வழக்கில் மாட்டிக்கொள்ளும் வழி அதுதான்.

இந்தியப் பட்டம் இங்கே செல்லுமா?

சாக்வாவிடம் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அவர்கள் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்தையே நேரடியாகத் தொடர்புகொண்டு உறுதி செய்கிறார்கள். தாமதம் பெரும்பாலும் அங்கிருந்து பதில் வராததால்தான். விண்ணப்பித்த கையோடு ஊரில் உள்ள ஒருவரைப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்கு அனுப்பி, கடிதம் வந்ததா என்று பார்க்கச் சொல்வது வீண் வேலை இல்லை.

தமிழ்நாட்டுக்காரர்கள் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, ப்ரொவிஷனல் சான்றிதழோடு வாழ்க்கையை ஓட்டுவது. பட்டமளிப்புச் சான்றிதழை வாங்காமலேயே பத்து வருஷம் ஓடியிருக்கும். மதிப்பீட்டுக்கு இறுதிப் பட்டமும் எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்களும் வேண்டும். இரண்டு, பட்டம் கொடுத்தது யார் என்பதில் குழப்பம். நீங்கள் படித்த கல்லூரி பட்டம் கொடுப்பதில்லை, அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம்தான் கொடுக்கிறது. பொறியியல் கல்லூரிகள் பல 2001-க்குப் பிறகுதான் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 1999-இல் முடித்தவர் பழக்கதோஷத்தில் 'அண்ணா யுனிவர்சிட்டி' என்று எழுதினால், பதில் 'இப்படி ஒரு மாணவர் இல்லை' என்று வரலாம். சான்றிதழின் தலைப்பில் இருப்பதை அப்படியே எழுதுங்கள்.

பொறியாளர்களுக்கு ஒன்று கூடுதலாக. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-இல் முழு உறுப்பினரானது. தென்னாப்பிரிக்கா 1999 முதலே உறுப்பினர். ஆனாலும் எல்லா இந்திய பி.இ.க்கும் அந்தச் சலுகை கிடையாது. உங்கள் துறைக்கு, நீங்கள் படித்த ஆண்டுகளில், இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியத்தின் உரிய அங்கீகாரம் இருந்ததா என்று எக்சா பார்க்கும்.

சான்றிதழைப் பார்த்தே போலி என்று சொல்ல முடியுமா?

சந்தேகப்பட முடியும், தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு காகிதத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். தலைப்பில் க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகம், தேதி 2002 ஏப்ரல். 2004-க்கு முன் அந்தப் பெயரே கிடையாது. அடுத்தது: 'தேசிய சீனியர் சான்றிதழ்', ஆண்டு 2005. அந்தப் பெயரில் முதல் தேர்வே 2008-இல்தான் நடந்தது. அதற்கு முன் வெறும் 'சீனியர் சான்றிதழ்', அதில் 'எக்செம்ப்ஷன்', அதாவது பல்கலைக்கழகத்தில் சேரும் தகுதி, உண்டா இல்லையா என்பதுதான் பேச்சு. பிறகு, பட்டமளிப்புத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறதா, துணைவேந்தர் கையெழுத்து அந்த ஆண்டில் பதவியில் இருந்தவருடையதா, மதிப்பெண் பட்டியலில் கூட்டுத்தொகை சரியாக வருகிறதா. கடைசியாகச் சொன்னதைப் பலர் பார்ப்பதே இல்லை. போலி செய்கிறவர்கள் ஒரு பாடத்தின் மதிப்பெண்ணை மாற்றிவிட்டுக் கூட்டுத்தொகையை மறந்துவிடுகிறார்கள்.

தேர்வு முடிவுத் தாளும் சான்றிதழும் ஒன்று இல்லை. முடிவுத் தாள் தற்காலிகமானது. பதினைந்து வருஷத்துக்கு முன் மெட்ரிக் முடித்தவர் இன்னும் முடிவுத் தாளையே காட்டினால், சான்றிதழ் எங்கே என்று கேட்பதில் தவறில்லை. தொலைந்திருந்தால் மறுபிரதிக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

எதுவாக இருந்தாலும் பதிவாளரின் எழுத்துப் பதில் வரும்வரை 'போலி' என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள்.

இவ்வளவு பேர் தப்பிக்கிறார்களே, எப்போதுதான் மாட்டுகிறார்கள்?

சேரும்போது தப்பியவர்கள் உயரும்போது மாட்டுகிறார்கள். பதவி உயர்வுக்குப் புதிய சரிபார்ப்பு, டெண்டரில் முக்கிய ஊழியர்களின் தகுதியை இணைப்பது, நிறுவனம் கைமாறும்போது நடக்கும் தணிக்கை, கோபப்பட்ட சக ஊழியரின் பெயரில்லாக் கடிதம். பொதுவாழ்வில் இருந்தால் பத்திரிகை.

2014 ஒரே ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி.யின் தற்காலிகத் தலைமை இயக்க அலுவலர் (சி.ஓ.ஓ.) ஹ்லாவுடி மொட்சோனெங், இல்லாத மெட்ரிக்கை விண்ணப்பப் படிவத்தில் எழுதியிருந்ததாக மக்கள் பாதுகாவலர் தூலி மடோன்செலாவின் அறிக்கை பிப்ரவரியில் சொன்னது. முனைவர் பட்டம் இல்லாமலே 'டாக்டர்' என்று ஆண்டுக்கணக்கில் அழைக்கப்பட்ட முன்னாள் அமைச்சர் பாலோ ஜோர்டன் ஆகஸ்டில் நாடாளுமன்றப் பதவியை விட்டார். எஸ்.ஏ.பி.சி. வாரியத் தலைவர் எலன் ட்ஷபலாலா, யூனிசா பட்டம் பற்றிய சர்ச்சையில் டிசம்பரில் விலகினார். ஜோர்டன் நன்கு படித்த மனிதர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த இரண்டு எழுத்து இல்லாமலேயே அவருக்கு மரியாதை இருந்திருக்கும்.

சட்டத்தில் தண்டனை என்ன?

2019-ஆம் ஆண்டின் 12-ஆம் எண் தேசியத் தகுதிக் கட்டமைப்புத் திருத்தச் சட்டம், தகுதியைத் தவறாகக் காட்டுவதைத் தனிக் குற்றமாக்கி, ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. தவறாகக் காட்டப்பட்ட தகுதிகளுக்கு ஒரு பதிவேடு, நீதிமன்றம் மோசடி என்று தீர்த்தவற்றுக்கு இன்னொரு பதிவேடு என்றும் அது சொல்கிறது. சட்டம் முழுவதும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை, பகுதி பகுதியாக அறிவிக்கப்படுகிறது. எனவே உங்கள் விஷயத்தில் எந்தப் பிரிவு நடப்பில் இருக்கிறது என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

இதைக் கேட்டு, 'அந்தப் பிரிவு இன்னும் வரவில்லையாமே' என்று சிலர் நிம்மதியாகிறார்கள். நிம்மதிக்கு இடமில்லை. மோசடி, ஆவணம் புனைதல், புனைந்த ஆவணத்தைக் காட்டுதல் ஆகியவை இங்கே எப்போதும் குற்றங்களாக இருந்தவை. தொகை 500,000 ராண்டைத் தாண்டிய மோசடிக்கு, முதல் முறை குற்றவாளிக்கே குறைந்தபட்சம் 15 ஆண்டு என்று 1997-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தகுந்த காரணம் இருந்தால்தான் நீதிமன்றம் அதைக் குறைக்கும். பொய்யால் பெற்ற சம்பளம் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகும் என்பதை இங்கே யோசிக்க வேண்டும்.

ரயில் நிறுவனமான பிராசாவின் தலைமைப் பொறியாளராக இருந்த டேனியல் ம்திம்குலு வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு. விட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம், மியூனிக்கில் முனைவர் பட்டம் என்றார். இரண்டும் இல்லை. போதாததற்கு ஜெர்மன் நிறுவனம் ஒன்று வேலைக்கு அழைப்பதாகப் போலிக் கடிதம் காட்டிச் சம்பளத்தை உயர்த்திக்கொண்டார். 2024-இல் 15 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? வேலை செய்துதானே வாங்கினேன்?

நிறுவனம் சிவில் வழக்கு போட்டால், ஆம் என்று தீர்ப்பு வரலாம். மேலே சொன்ன பிராசா வழக்கில் 2019-இல் உயர் நீதிமன்றம் சுமார் 5.7 மில்லியன் ராண்ட் திருப்பித் தரச் சொன்னது. நம் பக்கத்திலேயே, உம்கேனி வாட்டர் நிறுவனம் தன் முன்னாள் ஊழியர் மீது போட்ட வழக்கில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2022-இல் சம்பளத்தை இழப்பாகக் கருதித் திருப்பித் தர உத்தரவிட்டது.

ஓய்வூதியம் பத்திரமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஓய்வூதிய நிதிச் சட்டத்தின் 37டி பிரிவு, நேர்மையின்மையால் நிறுவனத்துக்கு ஏற்பட்ட நஷ்டத்தை உறுப்பினரின் தொகையிலிருந்தே பிடிக்க அனுமதிக்கிறது. அதற்கு நீதிமன்றத் தீர்ப்போ, உறுப்பினரின் எழுத்து மூல ஒப்புதலோ வேண்டும். நிறுவனத்துக்கு விஷயம் தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பொய் சொன்ன நாளிலிருந்து எண்ணுவதில்லை.

பத்து வருஷமாக ஒரு குறை இல்லாமல் வேலை செய்கிறேன். அது கணக்கில் வராதா?

பெரிதாக வராது. ஜி-4-எஸ் காவல் நிறுவன ஊழியர் ஒருவர் விண்ணப்பத்தில் தன் பழைய குற்றத் தண்டனையை மறைத்து, 14 ஆண்டுகள் சுத்தமாக வேலை பார்த்தார். அவரை நீக்கியது நியாயமே என்று தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறைத்தது படிப்பை இல்லைதான், ஆனால் தத்துவம் அதேதான். 'அந்த வேலைக்கு அந்தப் பட்டம் தேவையே இல்லை' என்ற வாதத்துக்கும் இதே கதிதான். தேவையில்லாத பட்டத்தை ஏன் எழுதினீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள்.

என் கடையில் ஒருவர் காட்டியது போலி என்று உறுதியாகிவிட்டது. இன்றே அனுப்பிவிடலாமா?

கோபம் நியாயம், அவசரம் நஷ்டம். ஆதாரம் கையில் இருந்தாலும் விசாரணை இல்லாமல் வெளியேற்றினால், தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ. நடைமுறைத் தவறுக்காக 12 மாதச் சம்பளம் வரை இழப்பீடு விதிக்கலாம்.

பதிவாளர் கடிதத்தின் மூலப் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். ஊழியர் கையெழுத்திட்ட விண்ணப்பம், அவர் மின்னஞ்சலில் அனுப்பிய சி.வி., அனுப்பிய தேதி தெரியும் அந்த மின்னஞ்சல் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள். பதிவுகளை மாற்றக்கூடிய இடத்தில் இருப்பவர் என்றால் முழுச் சம்பளத்தோடு தற்காலிகமாக விலக்கி வையுங்கள். குற்றச்சாட்டில் எந்த ஆவணத்தில், எந்தத் தேதியில், எந்தத் தகுதியைச் சொன்னார், உண்மை என்ன என்று எழுதுங்கள். 'நம்பிக்கைத் துரோகம்' என்று மட்டும் எழுதினால் பிடி கிடைக்காது. தயாராக நேரம் கொடுங்கள். குறைந்தது 48 மணி நேரம் என்பது வழக்கம். சக ஊழியரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ கூட வைத்துக்கொள்ள விடுங்கள். விசாரிப்பவர் நீங்களாக இருக்க வேண்டாம். பெயர்க் குழப்பம் என்று அவர் சொன்னால், மேலே சொன்னபடி மறுபடி தேடிப் பார்த்த பிறகே முடிவு. நீக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் அவர் சி.சி.எம்.ஏ.வுக்குப் போகலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2004-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, 100,000 ராண்ட் அல்லது அதற்கு மேற்பட்ட மோசடி தெரிந்தால் அதிகாரத்தில் இருப்பவர் போலீஸின் ஹாக்ஸ் பிரிவுக்குப் புகார் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் விடுவதே குற்றம். 'சத்தமில்லாமல் ராஜினாமா வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவோம், நம்ம சமூகத்துப் பையன்' என்ற பெருந்தன்மை உங்களையே மாட்டிவைக்கும்.

ராஜினாமா செய்துவிட்டால் முடிந்ததா?

ஒழுங்கு விசாரணை முடியும். குற்ற வழக்கும் சிவில் வழக்கும் முடியாது. தானாக விலகியவருக்கு வேலையிழந்தவர்களுக்கான யு.ஐ.எஃப். காப்பீட்டுப் பணமும் கிடைக்காது.

ஏற்கெனவே பொய் எழுதிவிட்டேன். இன்னும் யாருக்கும் தெரியாது. இப்போது என்ன?

முதலில் பொய்யை வளர்ப்பதை நிறுத்துங்கள். பதவி உயர்வு விண்ணப்பம், லிங்க்ட்இன், கையெழுத்துக்குக் கீழே உள்ள பட்டம், டெண்டரில் இணைக்கும் சி.வி. ஆகிய ஒவ்வொன்றும் புதிய பொய், புதிய தேதி.

அடுத்து, நிறுவனத்துக்கு உணர்ச்சிவசப்பட்டு இரவோடிரவாக மின்னஞ்சல் எழுதும் முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். ஒப்புக்கொள்வது நல்லது, அதை எந்தச் சொற்களில் எழுதுகிறீர்கள் என்பது உங்கள் ஓய்வூதியத்தைத் தொடும். தானாகச் சொன்னவருக்கு வேலை நிலைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் பணத்தைத் தவணையில் கட்டுவது, பதவி இறங்குவது, விலகும் தேதி போன்றவற்றைப் பேச இடம் கிடைக்கும். மாட்டிய பிறகு அந்த இடம் இருக்காது. மருத்துவம், மருந்தகம், கட்டடப் பொறியியல் மாதிரி மற்றவர் உயிர் சம்பந்தப்பட்ட வேலை என்றால் யோசிக்க நேரமில்லை. நாளையே வேலையை நிறுத்துங்கள்.

பாக்கி இருந்த பேப்பரை ரகசியமாக இப்போது எழுதி முடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். முடியுங்கள், நல்லதுதான். ஆனால் சான்றிதழில் இந்த ஆண்டு இருக்கும், சி.வி.யில் 2016 என்று இருக்கும்.

கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது. பெயருக்கு முன்னால் போடலாமா?

உண்மையான பல்கலைக்கழகம் கொடுத்திருந்தாலும், கௌரவப் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போடாததே கல்வி உலக மரபு. பெயருக்குப் பின்னால், 'கௌரவ' என்று சேர்த்து எழுதலாம். கல்யாண மண்டபத்தில் பொன்னாடையோடு சேர்த்து, 'சர்வதேச' என்று தொடங்கும் ஏதோ ஒரு பெயரில், நன்கொடைக்கு ஈடாகக் கொடுப்பது வேறு சங்கதி. மாலையோடு சேர்த்து வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். லெட்டர்ஹெட்டில், கம்பெனி இயக்குநர் பட்டியலில், வேலை விண்ணப்பத்தில் வேண்டாம்.

அனுபவம் இருக்கிறது, காகிதம் இல்லை. நேர்வழி என்ன?

மெட்ரிக் இல்லாதவர் 21 வயது ஆகியிருந்தால் பெரியவர்களுக்கான திருத்திய சீனியர் சான்றிதழ்த் தேர்வை எழுதலாம். ஆண்டுதோறும் மே–ஜூனில் நடக்கிறது. கல்வித் துறையின் 'செகண்ட் சான்ஸ் மெட்ரிக்' திட்டத்தில் பாடக் குறிப்புகளும் உதவியும் இலவசம்.

எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் போன்ற தொழில்களில் வருஷக்கணக்கில் கை பழகியவர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில் தொழில் தேர்வுக்குப் போகலாம். ஓலிஃபண்ட்ஸ்ஃபொன்டெயினில் உள்ள இன்ட்லெலாவும், அங்கீகாரம் பெற்ற மற்ற மையங்களும் நடத்துகின்றன. போகும் முன் பழைய முதலாளிகளிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த இயந்திரத்தில், என்னென்ன வேலை. 'நல்ல பையன், கடின உழைப்பாளி' என்று எழுதித் தரும் கடிதம் அங்கே எதற்கும் ஆகாது. கடையை மூடிவிட்டுப் போன முதலாளி என்றால் சம்பளச் சீட்டு, யு.ஐ.எஃப். பதிவு, வேலை செய்த இடத்தின் படங்கள், கூட வேலை பார்த்தவரின் உறுதிமொழிப் பத்திரம் என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுபோங்கள். பல்கலைக்கழகங்களிலும் இதே முறையில் சேர்க்கை உண்டு. எந்தப் பாடத்துக்கு விலக்கு, எவ்வளவு என்பதை அந்தந்தத் துறைதான் முடிவு செய்யும், முன்பணம் கட்டும் முன் அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.